அளவுகோலில் ஆறு

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆவுடைநாயகம் கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த அளவுகோல் ஆறு என்று காட்டியது. அது பொய் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

தெரிந்து என்ன பிரயோசனம்? வாயைத் திறந்து சொல்ல வழியில்லை. குடல் புண் வெடித்து ஆபரேஷன் ஆகி, ஐந்து நாள் மூச்சு மிஷினில் கிடந்து, அதற்கும் பிறகு தொண்டைக்குழிக்குக் கீழே ஓட்டை போட்டு ஒரு குழாயைச் சொருகியிருந்தார்கள். மூச்சு அதன் வழியாகப் போய் அதன் வழியாகவே வந்தது. குரல் இருக்கும் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் அந்தக் குழாயைப் பிடித்து இழுத்துவிட்டார் என்று இரண்டு மணிக்கட்டையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டி வைத்திருந்தார்கள். விரல்கள் மட்டும் அவருடையவையாக மிச்சமிருந்தன.

கழுத்தின் வலது பக்கம் இன்னொரு குழாய். அது நெஞ்சுக்குள் போகும் பெரிய ரத்தக் குழாய்க்குள் இறங்கியிருந்தது. அதன் மறுமுனை தலைமாட்டில் நின்ற இரும்பு ஸ்டாண்டுக்குப் போனது. அங்கே வெள்ளை பிளாஸ்திரி போட்டு ஒட்டிய ஓர் அளவுகோல், அதை ஒட்டி நெட்டுக்குத்தாக ஒரு மெல்லிய குழாய், குழாய்க்குள் தண்ணீர். உடம்பில் ஓடும் ரத்தம் இதயத்தருகே எவ்வளவு நிறைந்து நிற்கிறது என்பதை அந்தத் தண்ணீர் காட்டிக் கொடுக்கும். எட்டுக்குக் கீழே போனால் உடம்பு வறண்டுவிட்டது, டிரிப்பை வேகமாக ஓடவிட வேண்டும். பன்னிரண்டைத் தாண்டினால் டிரிப்பை நிறுத்தி மூத்திரம் போகிற ஊசி போட வேண்டும், இல்லையென்றால் மிச்சத் தண்ணீர் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். டாக்டர் வன்னியராஜ் இதைக் கால்மாட்டில் தொங்கும் சார்ட்டில் எழுதி, எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டும் போயிருந்தார்.

ஆவுடைநாயகத்துக்கு அதை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. விக்கிரமசிங்கபுரத்துக்கு மேற்கே ஒரு சின்ன அணைக்கட்டில் முப்பத்தொரு வருஷம் ஆற்றின் மட்டம் பார்த்து எழுதியவர் அவர். விடியக்காலம் மில் சங்கு ஊதும்போது படியில் இறங்கி, கல்லில் அறைந்த பலகையில் தண்ணீர் எந்தக் கோட்டை நக்குகிறது என்று குனிந்து பார்த்து, ரிஜிஸ்தரில் ஏற்றிவிட்டுத்தான் காப்பி. ரிட்டையர் ஆனபின் மல்லாக்கப் படுத்துக்கொண்டே மட்டம் பார்க்கிற உத்தியோகம் ஒன்று வாய்க்கும் என்றோ, அந்த ஆறு தனக்குள்ளேயே ஓடும் என்றோ அவர் நினைத்ததில்லை.

நர்ஸ் சாரம்மாளுக்கு இந்தக் கதை தெரியும். பாளையங்கோட்டைப் பெண், கெட்டிக்காரி. அளவுகோலை ஒட்டிய அன்றைக்கே அவருடைய விலாவிலிருந்து ஸ்டாண்டு வரை ஓர் அடிஸ்கேலைப் படுக்கையாக நீட்டிப் பிடித்து, பூஜ்யம் சரியாக இதயத்தின் மட்டத்தில் வருகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத்தான் பிளாஸ்திரியை அழுத்தினாள். ஆவுடைநாயகத்துக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான். அதன்பின் மணிக்கு ஒரு தரம் வந்து நின்று, "ஐயா, ஆத்துல எவ்வளவு?" என்பாள். அவர் விரலால் கட்டில் கம்பியைத் தட்டுவார். ஒன்பது தட்டு. "நானும் ஒம்பதுன்னுதான் பாக்கேன். ஐயா பாஸ்!" என்று எழுதிக்கொண்டு போவாள்.

சனிக்கிழமை டாக்டர் அவர் தோளைத் தட்டி, "ஒண்ணுக்கு நல்லாப் பிரியுது. நுரையீரல்ல மட்டும் தண்ணி கோக்காம பாத்துக்கிட்டா தேறிருவீங்க அண்ணாச்சி" என்றார். சாக வேண்டிய வயசுதானே என்று அதுவரை ஊருக்கெல்லாம் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, அந்த நிமிஷம் வாழ ஆசை வந்தது. வெட்கமில்லாத ஆசை. ஒரு டம்ளர் காப்பியைத் தன் கையாலேயே பிடித்துக் குடிக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காக அவர் எந்தத் தெய்வத்தின் காலிலும் விழத் தயாராக இருந்தார்.

அளவு குறைய ஆரம்பித்தது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. ஒன்பது எட்டானது, எட்டு ஏழானது. வறட்சி என்று டிரிப்பை வேகமாக்கினார்கள். இன்றைக்கு ஆறு. ஆனால் வறண்ட உடம்பு அவருக்குத் தெரியும். கோடையில் மணல் திட்டுத் தெரிய ஓடுகிற ஆற்றுக்கு ஒரு சத்தம் உண்டு, மேலே மழை பெய்து வெள்ளம் வரப்போகும் ஆற்றுக்கு வேறு சத்தம் உண்டு. தன் நெஞ்சிலிருந்து வருவது எந்தச் சத்தம் என்று முப்பத்தொரு வருஷம் கேட்ட காதுக்குச் சொல்லித் தர வேண்டுமா? மூச்சை இழுக்கும்போதெல்லாம் முதுகுப் பக்கம், விலாவுக்கு அடியில், ஈர மணலை மிதித்தது மாதிரி நறநறவென்று ஏதோ நெரிந்தது. விரல்கள் உப்பிக் கல்யாண மோதிரம் இறுக்கியது.

வெளியே ஐப்பசி மழை நிற்காமல் பெய்துகொண்டிருந்தது. வண்ணார்பேட்டை பஸ்களின் ஹாரனும் "ஜங்ஷன், ஜங்ஷன்" என்ற கண்டக்டர் குரலும் மழைக்குள் கரைந்து வந்தன. அறையில் பினாயில் வாடை, நனைந்த சுண்ணாம்புச் சுவரின் வாடை, அதற்கும் அடியில் லேசாக ஸ்பிரிட் வாடை. மற்ற இரண்டு கட்டில்களும் காலி. பச்சைத் திரை மின்விசிறிக் காற்றில் மூச்சு விடுவதுபோல் உப்பி அடங்கியது. குழாய்க்குள் தண்ணீரும் அவருடைய மூச்சுக்குத் தக்கபடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஸ்பிரிட் வாடைதான் அவரை உறுத்தியது. மத்தியானம் ஒன்றரைக்கு ஓர் ஊசி போடுவார்கள், கண் செருகிவிடும். ஞாயிற்றுக்கிழமை அந்த அரை மயக்கத்தில் தலைமாட்டில் யாரோ வந்து நின்றது போலிருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. இமைக்கு வெளியே வெளிச்சத்தை ஓர் உருவம் மறைத்தது. பிறகு 'சர்ர்' என்று ஒரு சத்தம், எதையோ தோலோடு உரிக்கிற மாதிரி. பிறகு குளிர்ச்சியாக ஸ்பிரிட் வாடை. பிறகு வெளிச்சம். கனவு என்று விட்டுவிட்டார். திங்கட்கிழமை மறுபடி அதே சர்ர். இன்றைக்கும்.

அவர் அளவுகோலை விட்டுவிட்டு அதற்குப் பின்னாலிருந்த ஜன்னலைப் பார்த்தார். படுக்கைவாட்டில் நான்கு கம்பி போட்ட ஜன்னல். சனிக்கிழமை ஒன்பது காட்டியபோது, தண்ணீரின் தலை சரியாகக் கீழிருந்து இரண்டாவது கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது, அது நன்றாக ஞாபகம் இருந்தது. தலையணை அதே தலையணை, தலை அதே பள்ளத்தில், கட்டிலும் நகரவில்லை. இப்போது தண்ணீர் இரண்டாவது கம்பிக்கு மேலே நின்றது. கொஞ்ச நஞ்சமில்லை, நாலு விரற்கடை மேலே.

தண்ணீர் ஏறியிருக்கிறது. அளவு இறங்கியிருக்கிறது.

அப்படியானால் பலகை நகர்ந்திருக்கிறது. அவர் கண்ணைச் சுருக்கி அளவுகோலின் அடிப்பக்கம் பார்த்தார். ஸ்டாண்டின் இரும்பில், இப்போதைய பிளாஸ்திரிக்குக் கீழே, பழைய பிளாஸ்திரியின் பசை அழுக்குப் பிடித்துக் கறுப்பாக ஒரு கோடு போட்டிருந்தது. அதைத் துடைக்கப் பார்த்திருக்கிறார்கள், முழுக்கப் போகவில்லை. அதற்கு மேலே இன்னொரு கோடு. அதற்கும் மேலே இன்னொன்று. ஏணிப்படி மாதிரி மூன்று.

யாரோ தன்னை மூழ்கடிக்கிறார்கள் என்று ஆவுடைநாயகத்துக்குப் புரிந்தது.

மூன்று மணிக்குச் சாரம்மாள் வந்தாள். "ஐயா, ஆத்துல எவ்வளவு?"

அவர் தட்டினார். ஆறோடு நிறுத்தவில்லை. பத்து, பன்னிரண்டு, பதினைந்து. அடியிலிருந்த பசைக் கோட்டுக்கும் அளவுகோலின் பூஜ்யத்துக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்து கூட்டிச் சொன்ன கணக்கு.

சாரம்மாள் குனிந்து அளவுகோலைப் பார்த்தாள். சிரித்தாள். "ஐயாவுக்கு இன்னைக்குக் கண்ணு மங்குது போல. ஆறுதான இருக்கு." எழுதினாள். டிரிப்பின் உருளையை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். சொட்டுகள் ஒன்றையொன்று துரத்த ஆரம்பித்தன. அவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். அவள் அந்த விரல்களை அன்பாக ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள். எத்தனை கெட்டிக்காரி, அடிஸ்கேலை ஒருதரம் நீட்டிப் பார்த்திருந்தால் போதும். ஒருதரம் ஒட்டியது ஒட்டியபடியே இருக்கும் என்று நம்பிவிட்டாள். அவருக்கு அழுகை வந்தது. அழுதால் மூச்சு இன்னும் முட்டியது.

நாலு மணிக்கு மகன் கணேஷ்ராம் வந்தான். மஸ்கட்டில் கட்டடக் கம்பெனியில் எஞ்ஜினியர். தந்தி கண்டு பதினைந்து நாள் லீவில் வந்தவன். மட்டம் பார்ப்பது அவனுக்கும் தொழில்தானே? ஆவுடைநாயகம் கண்ணால் அளவுகோலைக் காட்டினார். மகனைப் பார்த்தார், பசைக் கோட்டைப் பார்த்தார், மறுபடி மகனைப் பார்த்தார்.

"என்னப்பா, தண்ணி வேணுமா? இப்பக் குடிக்கக் கூடாதாம்" என்றான். அவர் பார்வை போன வழியே போய் ஸ்டாண்டைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். "ஆறு இருக்கு. ஏத்தச் சொல்லியிருக்காங்கள்லா, சரியாயிரும்."

பிறகு வாட்சைப் பார்த்தான். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் குனிந்து மெல்லச் சொன்னான். "வியாழக்கிழமை ராத்திரி திருவனந்தபுரத்துல பிளைட்டு. அதுக்குள்ள ஒரு முடிவு தெரிஞ்சாத் தேவலம்மா. போய் டிக்கெட்டுக்கு ஒரு போன் போட்டுட்டு வாரேன்."

முடிவு. ஆவுடைநாயகம் அந்த வார்த்தையைக் கேட்டார். கொஞ்ச நேரம் பார்த்தானே, அந்தப் பார்வையையும் நினைத்தார். தோளில் தூக்கிப்போய் அணைக்கட்டு காட்டிய பிள்ளை. மட்டம் என்றால் என்ன என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். இவனா? மத்தியானம் சாப்பாட்டுக்கு அம்மா வெளியே போகிற நேரம் பார்த்து வந்து நிற்பது இவனா? நெஞ்சு எரிந்தது. அது தண்ணீரால் இல்லை.

நாலரைக்குக் கரண்டு போனது.

மின்விசிறி ஓய்ந்ததும் அறையில் இருந்த சத்தமெல்லாம் வெளியே வந்தது. மழை. சொட்டு விழும் சத்தம். நெஞ்சுக்குள் களக், களக் என்று ஏதோ புரண்டது, சாய்த்த குடத்தில் தண்ணீர் புரள்வதுபோல். சாம்பல் வெளிச்சத்தில் ஜன்னல் கம்பிகள் கறுத்து நின்றன. தண்ணீர் மூன்றாவது கம்பியை நெருங்கியிருந்தது. படுத்திருக்கவே முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தால் போதும், ஒரு வாய்க் காற்று கிடைக்கும். மணிக்கட்டுகளை இழுத்தார். துணி இறுகியது.

பக்கத்தில் கோமு இருந்தாள்.

கோமு. அத்தை மகள். கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷம். அவர் காய்ச்சலில் கிடந்த நாட்களில் படியிறங்கிப் போய் மட்டம் பார்த்து, அவர் கையெழுத்து மாதிரியே ரிஜிஸ்தரில் எழுதி வைத்தவள். இதை ஏன் முதலிலேயே நினைக்கவில்லை? உலகத்தில் இந்த அறையில் நடப்பதைப் பார்த்தவுடனே புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் பக்கத்திலேயே அல்லவா இருக்கிறாள்? அவர் விரலால் கம்பியைத் தட்டினார். கோமு எழுந்து குனிந்தாள்.

"என்ன அத்தான்? மூச்சு முட்டுதா?"

கண்ணால் காட்டினார். அளவுகோல். பசைக் கோடு. ஜன்னல் கம்பி. அளவுகோல். பசைக் கோடு.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஸ்டாண்டின் பக்கம் போனாள். முகத்தை அருகில் வைத்துக் கோடுகளைப் பார்த்தாள். அந்தக் கோடுகளின் மேல் ஒரு விரலை வைத்தாள், ஒன்று, இரண்டு, மூன்று என்று. "இதையா காட்டுதிய?" என்றாள்.

ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்தார். ஆமாம், ஆமாம். கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. பிழைத்துவிட்டோம்.

கோமு வாசல் பக்கம் பார்த்தாள். வராந்தாவில் யாரும் இல்லை. தட்டிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்தாள். ஸ்பிரிட் பாட்டிலைச் சாய்த்து நனைத்தாள். குளிர்ச்சியாக அந்த வாடை வந்தது. பசையைத் துடைக்கப்போகிறாள், சரிதான், துடைத்தால்தான் ஒட்டும். நகத்தால் பிளாஸ்திரியின் ஓரத்தைக் கிளப்பினாள்.

சர்ர்.

அதே சர்ர்.

ஆவுடைநாயகத்தின் விரல்கள் நின்றுபோயின.

கோமு அளவுகோலை நகர்த்தினாள். கீழே அல்ல. மேலே. இன்னும் ஐந்து விரற்கடை. கட்டைவிரலால் பிளாஸ்திரியை ஓரம் ஓரமாக அழுத்தி ஒட்டினாள். அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

"நீங்க சொல்லித் தந்ததுதான அத்தான்" என்றாள். குரல் தணிந்திருந்தது. "பலகையை ஏத்திட்டா ஆறு இறங்கிரும்னு."

சொல்லித்தான் இருந்தார். ஒரு கோடையில், வேண்டிய ஒருத்தருக்காகப் பலகையை ஒரு சாண் ஏற்றி அறைந்துவிட்டு வந்து, சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். யாராவது கண்டுபிடித்தால் என்று அவள் பயந்தாள். எவன் பலகையைப் பாக்கான், எல்லாவனும் தண்ணியைத்தான பாக்கான் என்று சொல்லிவிட்டு அவர் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

அவள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையைக் கோதினாள்.

"டாக்டர் உங்க முன்னால தேறிருவீங்கங்காரு. வெளிய வந்தா, ரெண்டு நாளும் ஆகலாம், ரெண்டு மாசமும் இழுக்கலாம், ஒண்ணும் சொல்லதுக்கில்லங்காரு. புள்ளைக்கு வியாழக்கிழமை விட்டா அடுத்த வருஷந்தான் லீவாம். நான் என்ன செய்ய? நம்ம கல்யாணம் ஆனதுலருந்து நீங்க எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. ஒண்ணே ஒண்ணுதான கேட்டிய. எத்தனை தடவை கேட்டிருப்பிய! யாரு இல்லாட்டியும் என் புள்ளதான் கொள்ளி வைக்கணும், பங்காளி எவனும் தொடக்கூடாதுன்னு."

இல்லை என்று தலையை ஆட்டினார். கழுத்துக் குழாய் இழுத்து வலித்தது. இல்லை. இல்லை. அது அப்போது. சும்மா சொன்னது. எல்லாரும் சொல்வது. வேண்டாம். காப்பி குடிக்க வேண்டும். கோமு.

"தெரியும் அத்தான்" என்றாள் கோமு. "பயமாத்தான் இருக்கும். நான் எங்கயும் போவ மாட்டேன். இங்கனயே இருக்கேன்."

பொய்யில்லை. அவள் கண் கலங்கித்தான் இருந்தது. ஒரு விரோதி செய்திருந்தால் முறைத்துப் பார்த்தாவது செத்திருக்கலாம். இவளை என்ன செய்வது? இவளிடமிருந்து காப்பாற்ற யாரைக் கூப்பிடுவது? எதைக் கொண்டு?

மழை. களக். மூச்சு. களக்.

தண்ணீர் மூன்றாவது கம்பியைத் தொட்டது.

ஆறு மணிக்குக் கரண்டு வந்தது. கூடவே சாரம்மாள் ஓடி வந்தாள். தனியாள். கீழே பஸ் விபத்தில் நாலு பேரைக் கொண்டுவந்து போட்டிருந்தார்களாம், ரத்தக்கறை அவள் கவுன் ஓரத்திலேயே இருந்தது. வேகமாக ஸ்டாண்டைப் பார்த்தாள்.

"அஞ்சு! என்ன இது, ஊத்த ஊத்த வத்துது?" டிரிப்பின் உருளையை முழுக்கத் திறந்தாள். இப்போது சொட்டு இல்லை, ஒரே கோடாக ஓடியது. "ஐயா, நீங்க சொல்லுங்க. ஆத்துல எவ்வளவு?"

கடைசித் தெம்பைத் திரட்டி அவர் தட்ட ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

ஆறாவது தட்டுக்கு விரல் எழும்போது கோமு அந்தக் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். ஐந்து விரலையும் சேர்த்து மூடி, கட்டில் கம்பியோடேயே பொத்திப் பிடித்துக்கொண்டாள். "அஞ்சுன்னுதான் அவாளும் சொல்லுதாக தாயி" என்றாள். "நீ போ. அங்கன பாவம் யாரு கெடக்காவளோ."

"மூச்சு கொஞ்சம் வேகமா இருக்கே அம்மா?"

"அழுதாக. மவன் ஊருக்குப் போறாம்லா, அதான்."

சாரம்மாள் குனிந்து சார்ட்டில் எழுதினாள். அந்த நேரத்தில் அவர் நெஞ்சுக்குள் எதுவோ புரண்டு எழுந்தது. தொண்டைக்குழிக்குக் கீழே, குழாயின் வாயில், முதலில் ஒரு குமிழி வந்தது. பிறகு நுரை. ரோஸ் நிறத்தில், சோப்பு நுரை மாதிரி மெத்தென்று, அவர் மூச்சு விட விட வளர்ந்துகொண்டே வந்தது. எழுதிக்கொண்டிருக்கும் அந்தப் பெண் ஒருதரம், ஒரே ஒருதரம் நிமிர்ந்தால் போதும்.

கோமு முந்தானையை எடுத்து அதை ஒற்றினாள். அவசரமில்லாமல், பிள்ளைக்கு வாய் துடைக்கிற மாதிரி. நிறம் உள்ளே போகும்படி மடித்தாள். மறுபடி நுரை வந்தது. மறுபடி ஒற்றினாள். மறுபடி மடித்தாள்.

சாரம்மாள் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தபோது குழாயின் வாய் சுத்தமாக இருந்தது. கோமு அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். கதவு சாத்திக்கொண்டது.